வனவிலங்கு அச்சுப்படங்களின் மதிப்பறிதலும் விற்பனையும்: ஆடுபன் பறவைப் படங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்
சேகரிப்போர் விரும்பும் வனவிலங்கு அச்சுப்படங்களின் விலை, அவற்றில் வரையப்பட்ட உயிரினத்தைவிட அவை அச்சிடப்பட்ட முறையையே பெரிதும் சார்ந்துள்ளது. ஜான் ஜேம்ஸ் ஆடுபனின் ‘தி பேர்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ படங்களையும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பரவிய எண்ணிட்ட பதிப்புகளையும் கொண்டு, ஒரு படியை அடையாளம் காணும் முறை, மதிப்பின் வகைகள், விற்பனை வழிகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: ஆடுபன், அச்சுப்படம், செப்புத்தகடு, கல்லச்சு, நீர்க்குறி, ஏலம்.

முன்னுரை
அமெரிக்க இல்லங்களில் முன்னோர் விட்டுச்சென்ற பொருள்களுள் சட்டமிட்ட பறவைப் படங்களும் அடங்கும். அவற்றைப் பெறும் மரபுரிமையர் முதலில் கேட்பது விலையைத்தான். ஆயின் விலையை அறியுமுன் அப்படம் எப்போது, எம்முறையில், எத்தனை படிகளாக அச்சிடப்பட்டது என்பது தெரிந்தாக வேண்டும். இது தெரியாத நிலையில் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. மூலப்படி, சுவர் அலங்காரப் படத்தின் விலைக்குக் கைமாறிவிடுகிறது. அல்லது பிற்கால நகல் ஒன்றின்மீது நிறைவேறாத நம்பிக்கை வைக்கப்படுகிறது.

ஒரே படம், பல பதிப்புகள்
‘தி பேர்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ 1827 முதல் 1838 வரை, ஐந்து படங்கள் கொண்ட 87 பகுதிகளாக வெளிவந்தது. மொத்தப் படங்கள் 435. எடின்பரோவில் வில்லியம் ஹோம் லிசார்ஸ் தொடங்கிய பணியை இலண்டனில் ராபர்ட் ஹேவல் நிறைவு செய்தார். படங்கள் செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டு, அச்சிடப்பட்டபின் கையால் வண்ணம் தீட்டப்பட்டன. முழுத் தாளின் அளவு ஏறத்தாழ 39½ × 26½ அங்குலம். முழுமையான தொகுதிகள் 200க்கும் குறைவாகவே உருவாயின என்பது பொதுவான கணிப்பு.

இப்படங்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. 1840 முதல் 1844 வரை, ஜே. டி. போவென் அச்சிட்ட கல்லச்சுப் படங்களுடன் 500 படங்கள் கொண்ட சிறிய பதிப்பு வெளிவந்தது. 1858இல் ஆடுபனின் மகன் ஜான் வுட்ஹவுஸ் ஆடுபன், நியூயார்க்கின் ஜூலியஸ் பீனைக் கொண்டு மூல அளவிலேயே வண்ணக் கல்லச்சுப் பதிப்பைத் தொடங்கினார். 150 படங்கள் வெளிவந்த நிலையில் அது நின்றுபோனது. 1971–72இல் ஆம்ஸ்டர்டாமில் 250 படிகள் கொண்ட ஒளிப்பட அச்சுப் பதிப்பு வந்தது. இவையன்றி நாட்காட்டிகளிலும் அலங்காரத் தாள்களிலும் அச்சான நகல்கள் எண்ணற்றவை. இவ்வாறு ஒரே பூநாரை ஓவியம், விலையில் பெரும் இடைவெளி கொண்ட பல பொருள்களாக இன்று புழங்குகிறது.

அச்சுமுறையைக் கொண்டு அடையாளம் காணல்
படத்தின் அடியில் உள்ள எழுத்துகளைச் சான்றாகக் கொள்வது தொடக்கநிலையாளர் செய்யும் பிழையாகும். ஹேவலின் பெயர் தாங்கிய வரியைப் பிற்கால நகல்களும் அப்படியே மறுபடி அச்சிட்டுள்ளன. எனவே மூன்று சோதனைகளை இணைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

முதலாவது, உருப்பெருக்கிக் கண்ணாடிச் சோதனை. ஆஃப்செட் முறையில் அச்சான படத்தில் வண்ணங்கள் ஒழுங்கான சிறு புள்ளிகளாகத் தெரியும். செப்புத்தகட்டு அச்சில் அத்தகைய புள்ளி வரிசை இராது. மைக்கோடுகளின்மேல் தூரிகை பரப்பிய நீர்வண்ணம் தெரியும்.

இரண்டாவது, தகட்டுத் தடம். செப்புத்தகடு ஈரத்தாளில் அழுத்தப்படும்போது அதன் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதியும். கல்லச்சில் இத்தடம் உண்டாவதில்லை. எனினும் இதை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தகாது. ஆடுபனின் தகடுகளுள் பெரும்பாலானவை பழைய செம்பாக உருக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் சிலவற்றிலிருந்து பிற்காலத்தில் புதிய படிகள் எடுக்கப்பட்டதுண்டு. மறுபுறம், ஓரம் வெட்டப்பட்ட மூலப்படியில் தடம் இல்லாமற்போகவும் கூடும்.

மூன்றாவது, நீர்க்குறி. ஹேவல் பதிப்பின் தாள்களில் ‘ஜே வாட்மேன்’ என்னும் பெயரும் ஆண்டும் ஒளிக்கு எதிரே பிடித்தால் தெரியும். ஆம்ஸ்டர்டாம் பதிப்பின் தாளில் டச்சுத் தாளாலையின் குறி காணப்படும். இச்சோதனைக்குப் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்தாக வேண்டும். தாள் அட்டையில் ஒட்டப்பட்டிருக்கக் கூடுமாதலால் அதனைத் தாள் பாதுகாப்பு வல்லுநரிடம் விடுவதே ஏற்புடையது.

எண்ணிட்ட பதிப்புகளும் அருமையும்
1970, 1980களில் வட அமெரிக்காவில் வேறொரு வகை பெருகியது. ஓவியர் கையொப்பமும் வரிசை எண்ணும் இட்ட ஆஃப்செட் படங்கள் அவை. கனடிய ஓவியர் ராபர்ட் பேட்மனின் படங்கள் இவ்வகையில் புகழ்பெற்றவை. 1934இல் தொடங்கிய அமெரிக்கக் கூட்டாட்சி வாத்து முத்திரைத் திட்டத்தில் தேர்வான ஓவியங்களின் படங்களும் இவ்வாறே விற்கப்பட்டன. இவற்றை எதிர்கால முதலீடாகக் கருதி வாங்கியோர் பலர்.

‘250/950’ என்னும் குறி, 950 படிகளுள் அது 250ஆவது என்பதைக் கூறும். எத்தனை படிகள் உருவாயின என்பதைத் தெரிவிக்கும் இக்குறி, எத்தனை பேர் அவற்றை இன்று விரும்புகின்றனர் என்பதைத் தெரிவிப்பதில்லை. வாங்கியோர் படங்களைப் பேணிக் காத்தமையால் பெரும்பகுதி நல்ல நிலையில் எஞ்சியுள்ளது. அவர்களின் தலைமுறை மூப்படைந்தபோது அவை ஒருசேரச் சந்தைக்கு வந்தன. ஆகவே இவ்வகைப் படங்கள் வெளியீட்டு விலையைவிடக் குறைவாக விற்பது இன்று பரவலாகக் காணப்படுகிறது. ஆடுபன் படங்கள் அரியவையானது வரலாற்றின் விளைவு. எண்ணிட்ட பதிப்புகளின் அருமையோ வெளியீட்டாளரின் அறிவிப்பால் அமைந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே முதலீட்டாளரின் ஏமாற்றத்திற்கு அடிப்படை எனலாம்.

நிலையும் பாடுபொருளும்
ஒரே பதிப்பினுள்ளும் விலை வேறுபடும். வான்கோழி, பூநாரை போன்று தாளை நிறைக்கும் பறவைகள், பெருந்தாளின் நடுவே அமைந்த சிறு பறவைகளைவிடப் பன்மடங்கு விலை பெறும். வெயிலில் வெளிறிய வண்ணம், அமிலத்தன்மையுள்ள அட்டையால் படிந்த பழுப்பு, கிழிசல், வெட்டிய ஓரம் ஆகியன மதிப்பைக் குறைக்கும். சிறு பறவைப் படங்களின் வெற்றிடத்தைச் சட்டத்திற்காக வெட்டியது முற்காலத்தில் அரிதன்று. அச்செயல் நீர்க்குறியையும் நீக்கிவிடக் கூடியது.

மதிப்பின் வகைகளும் விற்பனை வழிகளும்
மதிப்பு என்பது ஒற்றை எண் அன்று. இழந்த படத்திற்கு ஈடாக மற்றொன்றை அங்காடியில் வாங்க ஆகும் தொகை காப்பீட்டு மதிப்பு. விருப்பமுள்ள இருவர் கட்டாயமின்றி ஒப்புக்கொள்ளும் விலை சந்தை மதிப்பு. முன்னது பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். காப்பீட்டுச் சான்றிதழை விற்பனை விலையாகக் கருதுதல் பொருந்தாது. அவ்வாறே, கேட்கப்படும் விலையைவிட முடிந்த விற்பனையின் விலையே சான்றாகும்.

ஏல முடிவுகளைப் படிப்பதிலும் கவனம் தேவை. 2010 டிசம்பரில் இலண்டன் சோத்பி ஏலத்தில் ஹேவல் பதிப்பின் முழுத் தொகுதி ஒன்று ஏறத்தாழ 73 இலட்சம் பவுனுக்கு விற்றது. இத்தகைய அறிவிப்புகளில் வாங்குவோர் செலுத்தும் கூடுதல் கட்டணமும் அடங்கும். விற்பவர் பெறுவது சுத்தியல் விலையில் தரகும் பிற செலவுகளும் போக எஞ்சியதே. வணிகரிடம் நேரே விற்றால் பணம் விரைவில் கிடைக்கும். ஆனால் அவரது ஆதாயத்திற்கு இடமளிக்கும் விலையே கிடைக்கும். வணிகரிடம் ஒப்படைத்து, விற்றபின் பங்கு பெறும் முறையில் காலம் நீளும். எண்ணிட்ட படங்களுக்குப் பெரிய ஏல நிறுவனங்களைவிட வட்டார ஏலமோ நேரடி விற்பனையோ பொருந்தும். எவ்வழியாயினும், மதிப்பிடுபவரே வாங்குபவராக இருத்தல் கூடாது. மதிப்பின் விழுக்காட்டில் ஊதியம் பெறுபவரின் மதிப்பீடும் நம்பத்தக்கதன்று.

முடிவுரை
அச்சுமுறை, தாள், நிலை, தேவை என்னும் வரிசையில் ஆராய்ந்த பின்னரே விலையைக் கருதுதல் முறையாகும். இவ்வணிகத்தில் ஆய்வாளர் கருத வேண்டிய மற்றொன்றும் உண்டு. முழுத் தொகுதியைப் பிரித்துத் தனித்தாள்களாக விற்பது சில வேளைகளில் மிகுந்த ஆதாயம் தரும். ஹேவல் பதிப்பின் பல தொகுதிகள் அவ்வாறு பிரிக்கப்பட்டன. முழுமையானவையாக இன்று அறியப்படுவன ஏறத்தாழ 120 மட்டுமே. தனித்தாளின் விலை கூடுந்தோறும் நூலின் முழுமைக்கு நேரும் இடரும் கூடுகிறது. பிரித்த நூல் மீண்டும் சேர்வதில்லை. எனவே மதிப்பறிதல் விற்பவரின் ஆதாயத்தோடு பண்பாட்டு ஆவணத்தின் பாதுகாப்பையும் சார்ந்தது என்பது தெளிவு.