இணையத்தில் தமிழ் ஏறிய வரலாறு

ஓலையில் வாழ்ந்த தமிழ் 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலாய்த் தன் எழுத்திலேயே அச்சேறியது. 1715-இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அச்சிற்குப் பின் தமிழ் ஏறிய பெரிய ஊர்தி இணையமே. அஃது எங்ஙனம் நிகழ்ந்தது என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இணையத்தின் முன்னோடி 'அர்ப்பாநெட்' என்னும் அமெரிக்க வலை. 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பல்கலைக்கழகத்துக் கணினியினின்று ஸ்டான்போர்டு ஆராய்ச்சிக் கழகத்துக் கணினிக்கு 'லாகின்' என்னும் சொல்லை அனுப்ப முயன்றனர். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துடைய அச்சொல்லின் முதலிரண்டு எழுத்துக்கள் சென்ற அளவில் பொறி நின்றுவிட்டது! சிறிது நேரங்கழித்தே முழுச்சொல்லும் சென்றது.

இதன் நுட்பம் யாது? நாமக்கல்லார்க்கு இஃது எளிதில் விளங்கும். பெருஞ்சரக்கொன்றைத் தில்லிக்கு அனுப்புவோர் அதனைப் பல லாரிகளிற் பகுத்தேற்றி, ஒவ்வொரு மூட்டையிலும் சேருமிடமும் வரிசை எண்ணும் எழுதிவிடுவர். ஒரு சாலை அடைபடின் லாரி மறுசாலையிற் செல்லும். சேருமிடத்தார் எண்வரிசைப்படி அடுக்குவர். வாராத மூட்டையை மீண்டும் கேட்டுப் பெறுவர். இவ்வாறே செய்தியும் சிறுசிறு பொட்டலங்களாய்ப் பிரிந்து சென்று கூடுகிறது. இம்முறையை அமெரிக்கரான பால் பாரனும் பிரித்தானியரான டொனால்டு டேவிசும் 1960-களில் தனித்தனியே கண்டனர். 1983 சனவரி 1 முதல் அர்ப்பாநெட்டின் கணினிகள் யாவும் 'டி.சி.பி./ஐ.பி.' என்னும் பொதுவிதியை மேற்கொண்டன.

இந்தியாவில் 1986-இல் 'எர்நெட்' என்னும் கல்வி வலை தொடங்கிற்று, சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் ஓர் உறுப்பு. 1995 ஆகஸ்டு 15-இல் பொதுமக்களுக்கும் இணையம் திறக்கப்பெற்றது.

அவ்வாண்டிலேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. ஆயினும் ஓர் இடர் நின்றது. கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். 'க'வுக்கு ஒருவர் ஓரெண் தந்தார். மற்றொருவர் வேறெண் தந்தார். ஒருவர் அனுப்பிய மடல் மற்றவர் திரையிற் பொருளற்ற குறிகளாய்க் கிடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையிற் கூடிய 'தமிழிணையம் 99' மாநாடு பொது விசைப்பலகையை வகுத்தது. பின்னர் 'யூனிகோடு' பரவவே இவ்விடர் பெரிதும் நீங்கிற்று.

எம்மனோர்க்குப் பெரும்பயன் தந்தது 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்'. சுவிட்சர்லாந்தில் வாழும் வேதியியலறிஞர் கு. கல்யாணசுந்தரம் இதனை முன்னின்று நடத்தினார். பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றி, ஓய்வுநேரத்தில், ஒருவர் தட்டச்சிட மற்றொருவர் பிழைதிருத்தி, இலக்கியங்களை ஏற்றினர். நூல்நிலையத்தில் ஏடு சிதைந்து கிடந்த நூலை யாம் கைப்பேசியிற் படித்துத் தேர்வெழுதியது அவர்தம் உழைப்பினாலன்றோ?

அன்பர்களே! வேதியியல் பயின்றவர் செய்த பணியைத் தமிழே பாடமாய்க் கொண்ட நாம் செய்யாதிருத்தல் தகுமா? சேலத்துச் சிற்றூர்களில் மூதாட்டியர் பாடும் தாலாட்டும் ஒப்பாரியும் பல இன்னும் எழுத்தேறவில்லை. நம் மலரின் பழைய இதழ்களும் அலமாரியிலேயே உறங்குகின்றன. செல்லும் பூச்சியும் நமக்காகக் காத்திருப்பதில்லை. இவ்விடுமுறையில் ஒவ்வொருவரும் பத்துப் பக்கம் தட்டச்சிடுவோமாக.