ஸ்கேன் செய்த கிதாபை வாசிப்பது யார்?

2012இல் மாலி நாட்டின் திம்புக்டு நகரம் ஆயுதக் குழுக்களின் கைக்குப் போனது. அங்கே குடும்ப நூலகங்களைப் பராமரித்து வந்தவர்கள், அப்துல் காதிர் ஹைதராவின் முன்முயற்சியில், கையெழுத்துப் பிரதிகளைத் தகரப் பெட்டிகளில் அடுக்கினார்கள். கழுதை வண்டி, ஜீப், நைஜர் நதிப் படகு என்று கிடைத்த வழியிலெல்லாம் அவற்றைத் தலைநகர் பமாகோவுக்குக் கொண்டு சேர்த்தார்கள். ஹைதராவின் கணக்குப்படி மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் இப்படித் தப்பின.

இது பலரும் அறிந்த கதை. அதன் பிறகு நடந்ததுதான் அதிகம் பேசப்படவில்லை.

2013 முதல், ஹைதராவின் சவாமா அமைப்புடன் அமெரிக்காவின் மினசோட்டாவிலுள்ள ஹில் கையெழுத்துப் பிரதி நூலகம் கைகோத்தது. 1965இல் கத்தோலிக்கத் துறவிகளின் மடத்தில் தொடங்கப்பட்ட நூலகம் அது. மாலிக்காரர்களே கேமராவை இயக்கிப் படமெடுத்தார்கள். மூலப் பிரதிகள் உரியவர்களிடமே இருக்கின்றன. படங்களை இணையத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாகப் பார்க்கலாம்.

ஆனால் படம் எடுத்துவிட்டால் அறிவு உருவாகிவிடுமா? அந்தப் பிரதிகள் பெரும்பாலும் தைக்கப்படாத தனித்தாள்கள். தாள் கலைந்தால் ஒரே கிதாபு இரண்டாகிவிடும். எழுத்தும் வேறு மாதிரி. மேற்கு ஆப்பிரிக்க வழக்கில் 'ஃபே'வுக்குப் புள்ளி கீழே; 'காஃப்'புக்கு மேலே ஒரே புள்ளி. நம் மதரஸாவில் ஓதியவர் பார்த்தால் அந்தக் காஃபை ஃபே என்றே வாசிப்பார். ஹாஷியாவிலோ சோங்காய், ஃபுலானி மொழிக் குறிப்புகள் அரபு எழுத்தில் இருக்கும். கணினிக்கு இவையெல்லாம் வெறும் புள்ளிகள்தான்.

1995இல் ஜப்பானிய அறிஞர்கள் நோனகாவும் டகேயூச்சியும், நிறுவனங்கள் அறிவை உருவாக்குவது பற்றி ஒரு நூல் எழுதினார்கள். மனிதரின் பழக்கத்தில் ஊறிக் கிடக்கும் அறிவும் ஏட்டில் ஏறிய அறிவும் ஒன்றாக மாறி மாறிப் பரிமாறிக்கொள்ளும்போதே புதிய அறிவு பிறக்கிறது என்பது அதன் சாரம். இஜாஸா கொடுத்து வாங்கும் மரபுள்ள நமக்கு இது புதிதல்ல. ஆசிரியர் முன் அமர்ந்து ஓதாத கிதாபை ஓதியதாக யாரும் ஏற்பதில்லையே!

பமாகோ–மினசோட்டா கூட்டுறவின் பலவீனமும் இங்கேதான். படங்கள் வேகமாகச் சேர்கின்றன. அவற்றை விவரித்துப் பட்டியலிடும் பணி மெதுவாகவே நகர்கிறது. விவரங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். மாலியில் படித்தவர்களின் மொழிகளோ பிரெஞ்சும் அரபியும். தன் பாட்டனாரின் கிதாபைத் தேட இன்னொருவர் மொழியில் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பது நியாயமான ஏற்பாடாகத் தெரியவில்லை.

நமக்கும் இதில் பங்குண்டு. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில், கூடுதல் புள்ளிகள் இட்டு எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் 'மகானி' போன்ற அரபுத் தமிழ்க் கிதாபுகள் இன்னும் பல வீடுகளில் உள்ளன. அவற்றைக் கைப்பேசியில் படமெடுக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். பிள்ளைகள் படம் எடுக்கும்போதே, பக்கத்தில் அமர்ந்து அந்தப் பெரியவர் வாசிப்பதையும் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு மினசோட்டாவிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.