அப்ப மங்கா எங்கே இருந்தாள்?

'முள்ளும் மலரும்' படத்தை முதன்முதலில் எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் பார்த்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தரை டிக்கெட். தங்கச்சிக்கு மறைக்கக் கூடாதென்று மணலைக் குவித்து மேடாக்கி அவளை அதில் உட்கார வைத்தேன். பின்னால் இருந்தவர் திட்டிக்கொண்டே இருந்தார். ஒரே புரொஜக்டர், ரீல் மாற்றும் போதெல்லாம் விளக்கு எரியும், முறுக்குத் தட்டு வரும்.

அன்று கொட்டகை மொத்தமும் காளி கட்சி. வின்ச் ஆபரேட்டர் காளியாக ரஜினி; அவரை சஸ்பெண்ட் செய்யும் இன்ஜினியர் குமரனாக சரத்பாபு. காளி குடித்துவிட்டு ரோட்டில் கிடக்க, லாரி ஏறிக் கை போகிறது. எல்லாம் இன்ஜினியரால்தான் என்று முடிவு கட்டி வீட்டுக்கு வந்தேன். குடித்தது யார் என்ற கேள்வியே எழவில்லை.

உமாசந்திரன் நாவலை வைத்து மகேந்திரன் இயக்கிய முதல் படம் இது. 1978 ஆகஸ்ட் 15-இல் வந்தது. 'தங்கப்பதக்கம்' படத்துக்குக் கதை, வசனம் எழுதிய அதே மனிதர், தன் படத்தில் பேச்சைச் சுருக்கிக்கொண்டார். பாலுமகேந்திரா கேமரா, இளையராஜா இசை. பேச்சே இல்லாத படமா என்று ஆரம்பத்தில் தியேட்டர்கள் காற்றாடின. பார்த்தவர்கள் வாயால் பரவித்தான் கூட்டம் சேர்ந்தது. இந்தப் படத்துக்கு அப்படிச் சில வாரம் போதுமானதாக இருந்தது. எல்லாப் படத்துக்கும் அப்படி நடப்பதில்லை. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டரில் படுத்து, டிவியில் போடப் போடத்தான் பலருக்கும் பிடித்தது. படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. மாறியது நாம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். 1991-இல் தங்கச்சியைப் பெண் கேட்டு ஒருவர் வந்தார். நல்ல வேலை, நல்ல குடும்பம். என்னிடம் பேசிய தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேறு இடத்தில் முடித்தோம். நாலைந்து வருடம் கழித்து டிவியில் இந்தப் படம். குமரன் காளியின் தங்கை வள்ளியைப் பெண் கேட்கிறான். காளி மறுக்கிறான். காரணம் ஒன்றுமில்லை, அவனுக்கு ஆளைப் பிடிக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வள்ளியாக நடித்த ஷோபாவுக்கு அப்போது பதினாறு வயதுகூட நிறையவில்லை என்பது பிறகு எங்கோ படித்ததுதான். 1980-இல் அந்தப் பெண்ணும் போய்விட்டார். அது தெரிந்த பிறகு 'செந்தாழம் பூவில்' பாட்டை முன்போல வெறும் பாட்டாகப் பார்க்க முடியவில்லை.

போன மாதம் தங்கச்சி வந்திருந்தாள். மதியம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே இருவரும் படத்தைப் பார்த்தோம். கடைசிக் கட்டம். கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த வள்ளி, அண்ணன் தனியாக நிற்பதைப் பார்த்ததும் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். தங்கச்சி தன் பக்கம் வந்துவிட்டாள் என்ற பெருமை காளிக்கு. அதன் பிறகே, இன்ஜினியரை இன்னும் பிடிக்கவில்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவளை அவன் கையில் கொடுக்கிறான். அந்தப் பெருமையைச் சின்ன வயதில் பாசம் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால், அவனுக்கு முதலில் ஜெயிக்க வேண்டியிருந்திருக்கிறது.

"காளி, குமரன்னு ரெண்டு பேரையே சொல்லிட்டு இருக்கியேண்ணே," என்றாள். "எனக்கு மங்காவைத்தான் பிடிக்கும். புருஷனையே எதுத்துக்கிட்டு அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போறா பாரு."

உண்மைதான். காளியின் மனைவியாகப் படாபட் ஜெயலட்சுமி நடித்த மங்கா என்றால் எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் அந்தச் சாப்பாட்டுப் பாட்டு மட்டும். நாற்பது வருடமாக அவளை நான் பார்க்கவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்மா," என்றேன். யாரைச் சொல்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

"அப்ப நம்ம வீட்டுக்கு அண்ணி வரலையேண்ணே," என்றவள், நறுக்கின பீன்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.