நெல் நிற்கும் வரைதான் சிலைக்கும் அழகு

மலைச்சரிவில் அடுக்கடுக்காகப் படிக்கட்டு வயல்கள். பெரிய இயந்திரம் இறங்கித் திரும்ப இடம் கிடையாது. வரப்பு சரிந்தால் மண்வெட்டியோடு ஆள்தான் இறங்க வேண்டும். பிள்ளைகளோ வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டார்கள். ஜப்பானின் நிகாட்டா மாகாணத்தில், தொக்காமாச்சி நகரமும் சுனான் சிற்றூரும் அடங்கிய எச்சிகோ-சுமாரி பகுதியின் நிலை இது. பரப்பு சுமார் 760 சதுர கிலோமீட்டர். குளிர்காலத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிப் பனி கொட்டும். இங்கு விளையும் கோஷிஹிக்காரி அரிசிக்கு நாடெங்கும் நல்ல பெயர் உண்டு. ஆனால், பயிர் செய்யத்தான் ஆள் குறைந்துகொண்டே வந்தது.

இந்தப் பகுதியில் 2000-ம் ஆண்டு கலைத் திருவிழா ஒன்று தொடங்கியது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடத்துவதாக ஏற்பாடு. முன்னின்று நடத்தியவர் நிகாட்டாவில் பிறந்த பிராம் கிட்டகாவா. சிற்பங்களைக் கட்டிடத்துக்குள் அடைக்காமல் வயல், காலி வீடு, மூடிய பள்ளிக்கூடம் எனப் பரப்பி வைப்பது அவர் திட்டம். ‘கலைக்கு எதற்கு அரசுப் பணம்?’ என்று உள்ளூரில் எதிர்ப்பு எழுந்தது.

மறுத்த விவசாயி

சோவியத் நாட்டில் பிறந்த கலைஞர்களான இல்யா, எமிலியா கபக்கோவ் தம்பதி, மட்சுதாய் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள படிக்கட்டு வயலைத் தேர்ந்தெடுத்தார்கள். உழவு, விதைப்பு, நடவு தொடங்கி நெல்லை விற்கக் கொண்டுபோவது வரையிலான வேலைகளை நீலம், மஞ்சள் உருவங்களாக வயலில் நிறுத்த நினைத்தார்கள். நிலத்துக்காரர் சம்மதிக்கவில்லை. முன்னோர் வழிவந்த வயலில் சிலை வைப்பதை அவர் விரும்பவில்லை. சாகுபடியையே விட்டுவிடும் எண்ணத்திலும் இருந்தார்.

வயல் வேலையைப் பெருமைப்படுத்தும் படைப்பு என்பது புரிந்த பிறகு ஒப்புக்கொண்டார். அதோடு, மேலும் சில ஆண்டுகள் அங்கே நெல்லும் விளைவித்தார். உருவங்களுக்குப் பின்னால் பயிர் நின்றால்தான் அந்தப் படைப்புக்குப் பொருள் உண்டு. தரிசாகப் போட்டால் அவை வெறும் பலகைகள்தான். ஆகவே, அவருக்குப் பின் யார் பயிர் செய்வது என்பது கலைஞர்களுக்கும் கவலையானது.

படிக்கட்டு வயல் வங்கி

அதற்குக் கிடைத்த விடைதான் ‘மட்சுதாய் தனாடா வங்கி’. தனாடா என்றால் படிக்கட்டு வயல். நகரத்தில் இருப்பவர்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்தி ஒரு பகுதி வயலைத் தத்தெடுக்கலாம். நடவுக்கும் அறுவடைக்கும் வரலாம். அறுவடை முடிந்ததும் தத்தெடுத்த பரப்புக்கு ஏற்ப அரிசி கிடைக்கும். முதியவர்கள் கைவிட்ட வயல்கள் இந்தப் பணத்தில் பராமரிக்கப்படுகின்றன. கபக்கோவ் தம்பதியின் வயலும் இந்த வங்கியின் பொறுப்பில் வந்தது. 2015-ல் பெண்கள் கால்பந்து அணி ஒன்றும் தொடங்கப்பட்டது. வீராங்கனைகள் இங்கேயே குடியிருந்து, பயிற்சி நேரம் போக வயலில் வேலை செய்கிறார்கள்.

திருவிழாவுக்கான பணம் தொடக்கத்தில் பெரும்பாலும் மாகாண அரசின் திட்டத்தில் வந்தது. பத்து ஆண்டுகளில் அந்தத் துணை முடிந்த பிறகு நுழைவுச் சீட்டு, நன்கொடை, நிறுவன உதவி ஆகியவற்றை நம்ப வேண்டியிருந்தது.

கவனிக்க வேண்டியவை

இதனால் ஊர் பழையபடி நிறைந்துவிடவில்லை. மக்கள்தொகை இன்னும் குறைந்துதான் வருகிறது. கலை பார்வையாளர்களைக் கொண்டுவந்தது. வரப்பைக் காப்பாற்றியது தத்துக் கட்டணமும் வேலை செய்யும் கைகளும்தான்.

இதுபோன்ற திட்டத்தோடு கலைஞரோ அமைப்போ வந்தால், விவசாயிகளும் விரிவாக்கப் பணியாளர்களும் முதலிலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டியவை சில உண்டு. படைப்புக்கு ஒதுக்கும் தொகையில் சாகுபடிச் செலவுக்கு எவ்வளவு? மிதிபட்ட பயிருக்கு யார் பொறுப்பு? விளைச்சல் யாருக்குச் சொந்தம்? மானியம் நின்ற பிறகு அடுத்த நடவுக்குப் பணம் எங்கிருந்து வரும்?

கடைசிக் கேள்விக்குப் பதில் இருந்தால் மட்டும் வயலில் இடம் கொடுங்கள்.