கணக்கு வரும் பிள்ளை

1995-இல் பிளஸ் டூ முடித்தபோது எனக்குக் கணக்கில் 200-க்கு 196. எங்கள் பாபநாசத்தில் அந்த மார்க்குக்கு ஒரே பொருள்தான்: பையன் இன்ஜினீயர் ஆகிவிடுவான். கணக்கையே படிக்கிறேன் என்றதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மார்க் வராதவன்தானடா பி.எஸ்சி.க்குப் போவான்?" அந்த வருஷம் இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வில் நான் கோட்டை விட்டேன். சண்டை தானாக ஓய்ந்தது.

எந்தக் கல்லூரி என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. கும்பகோணம் பஸ் தெருமுனையில் நின்றது. ஆகவே கும்பகோணம் அரசுக் கல்லூரி. கவுன்டரில் விண்ணப்பம் வாங்கி, மார்க் ஷீட் ஜெராக்ஸில் கெஜட்டட் அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்தோடு கொடுத்தால் தீர்ந்தது. 1904-இல் ராமானுஜன் சேர்ந்து, மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையைப் பறிகொடுத்த கல்லூரி அது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

லயோலா கல்லூரியில் படித்த கணித அறிஞர் சி.எஸ். சேஷாத்ரி, சென்னையில் 1989-லேயே கணிதத்துக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பிரயோஜனமில்லை, இன்று சி.எம்.ஐ. எனப்படும் அங்கே இளநிலைப் படிப்பு வந்ததே 1998-இல்தான். அப்போதும் பட்டம் கொடுத்தது போபாலில் இருந்த ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். போபாலிலிருந்து பட்டம் வரும் இடத்துக்கு அப்பா என்னை அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறீர்களா?

இப்போது அக்கா மகள் பிளஸ் டூ. அவள் நோட்டில் ஒரு பட்டியல் இருக்கிறது. சிறுசேரி சி.எம்.ஐ.; இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பெங்களூரு மையம்; 2011 முதல் பிளஸ் டூ பிள்ளைகளையும் சேர்க்கும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.; ஐசர் எனும் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்; அவள் அப்பாவின் நிம்மதிக்காக இன்ஜினீயரிங் கவுன்சலிங். கடைசியில் அதே கும்பகோணம். எல்லாவற்றுக்கும் போனிலேயே விண்ணப்பித்துவிடலாம்.

ஆனால் அவள் திணறியது பட்டியலில் அல்ல. பள்ளியில் அவள் எப்போதும் நூற்றுக்கு நூறு. புத்தகத்தின் பின்பக்கக் கணக்குகளில் எதைக் கேட்டாலும் கை தானாக எழுதும். சி.எம்.ஐ.யும் புள்ளியியல் கழகமும் தங்கள் நுழைவுத் தேர்வில் விடையை மட்டும் கேட்டு விட்டுவிடுவதில்லை, நிறுவு என்கின்றன. எங்கள் காலத்தில் பி.எஸ்சி.க்கு மார்க் ஷீட்டே சீட்டு வாங்கித் தந்தது. இங்கே அதற்கு அந்த மவுசு இல்லை.

பயிற்சிக்கு ஒரு கணக்கை எடுத்து உட்கார்ந்தாள். எந்த ஐந்து முழு எண்களை எடுத்தாலும், அவற்றில் ஏதோ மூன்றின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபடும், நிறுவுக. முதலில் எண்களாகப் போட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கம் நிறைந்தது. "எல்லாத்துக்கும் வருது மாமா. ஆனா ஏன் வருதுன்னு எப்படி எழுதறது?" பன்னிரண்டு வருஷம் படித்த பிள்ளையிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி. நான் பட்டதாரி; என்னிடமும் பதில் இல்லை.

சாப்பிட்டு வந்தபின் மூன்று கட்டம் வரைந்தாள்: 3-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 2. மூன்று கட்டத்திலும் எண் இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடு. மீதிகளின் கூட்டுத்தொகை 3. ஏதாவது ஒரு கட்டம் காலியென்றால், ஐந்து எண்களும் மிச்சமுள்ள கட்டங்களுக்குள் அடங்க வேண்டும். ஒன்றிலாவது மூன்று எண் விழுந்தே தீரும், அந்த மூன்றையும் எடு. அரைப் பக்கத்தில் முடிந்தது.

கூடத்தில் அவள் அப்பா இன்ஜினீயரிங் கட்-ஆஃப் போட்டுக்கொண்டிருந்தார். கணக்கு நூறு, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. "198 வரும்போல இருக்கே" என்றார் என்னிடம்.

அவள் காதில் அது விழவில்லை. நோட்டைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை எடுத்திருந்தாள்.

"மாமா, மூணுக்குப் பதிலா நாலு எண் எடுத்து 4-ஆல வகுபடணும்னா, மொத்தம் எத்தனை எண் வேணும்?"