லூகர் வாங்குமுன் எண்களைப் படியுங்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் மூட்டையில் ஒரு ஜெர்மன் பிஸ்டலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மேலதிகாரி கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு இருந்தால் போதும். லூகர், வால்தர் பி38, மவுசர் சி96 எல்லாம் இப்படித்தான் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தன. இன்று பேரப்பிள்ளைகள் அவற்றை ஏலத்துக்கும் துப்பாக்கிச் சந்தைக்கும் கொண்டுவருகிறார்கள். அதே மேசையில் போலியும் கிடக்கிறது.

அமெரிக்காவில் வாழும் தமிழர் யாருக்காவது இந்த ஆசை வந்தால், விலையை விசாரிக்குமுன் விசாவைப் பார்க்க வேண்டும். ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் அனுமதிக்கப்பட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் வழக்கறிஞரைக் கேட்காமல் அவற்றை நம்பி இறங்கக் கூடாது. 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு 15 ஆண்டு வரை சிறை. ‘நான் சுடப்போவதில்லை, கண்ணாடிப் பெட்டியில் வைக்கத்தான்’ என்பதெல்லாம் எடுபடாது. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

தகுதி உள்ளவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 50 ஆண்டுக்கு மேல் பழமையான, அசல் நிலையில் உள்ள துப்பாக்கிகளைச் சேகரிக்கவென்றே ஓர் உரிமம் தருகிறார்கள். மூன்றாண்டுக்கு 30 டாலர். இது இருந்தால் வேறு மாநிலத்திலிருந்தும் நேரடியாக வாங்கலாம். வாங்கியது விற்றது அனைத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். வியாபாரம் செய்ய இந்த உரிமம் செல்லாது. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் தனி விதிகளும் வைத்திருக்கின்றன.

இனி பிஸ்டலுக்கு வருவோம். ஜெர்மன் ராணுவம் 1908-இல் ஏற்றுக்கொண்ட லூகரையே எடுத்துக்கொள்வோம். ஏமாற்று அதிகம் நடப்பதும் அதில்தான்.

மேலே முழங்கால் போல மடங்கும் ‘டாகிள்’ என்ற பகுதியில் தயாரிப்பாளர் குறி இருக்கும். ஒன்றோடொன்று பின்னிய டி.டபிள்யூ.எம். எழுத்துகள் என்றால் பெர்லின். மகுடமும் எர்ஃபர்ட் என்ற பெயரும் இருந்தால் அரசு ஆயுதச் சாலை. எஸ்/42, பிறகு வந்த பி.ஒய்.எஃப். இரண்டுமே மவுசர் ஆலையின் ரகசியக் குறிகள். தோட்டா அறையின் மேல் ஆண்டு பொறித்திருக்கும். 1934-க்கு கே, 1935-க்கு ஜி என்று எழுத்தை மட்டும் போட்டு மறைத்த காலமும் உண்டு.

அடுத்தது வரிசை எண். ராணுவ லூகரில் எண் நான்கு இலக்கத்தைத் தாண்டாது. பத்தாயிரத்தை எட்டியதும் ஓர் எழுத்தைச் சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். முழு எண் பிஸ்டல் சட்டகத்தின் முன்புறத்திலும் குழலிலும் இருக்கும். கடைசி இரண்டு இலக்கங்கள் விசை, பாதுகாப்பு நெம்பு, பக்கத் தகடு என்று சின்னஞ்சிறு பாகங்களில் வரை இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் ஒரு விலை. ஒரு பாகம் மாறியிருந்தாலும் வேறு விலை. பல பாகங்கள் கலந்திருந்தால் மதிப்பு பாதிக்கும் கீழே போகக்கூடும். மேகசின் எண்ணும் பொருந்தினால் அது தனி அதிர்ஷ்டம்.

பூச்சையும் பாருங்கள். 1937 வரை செய்த லூகர்களில் விசை, பாதுகாப்பு நெம்பு போன்ற சிறு பாகங்கள் வைக்கோல் நிறத்தில் இருக்கும். 1917 என்று பொறித்த பிஸ்டலில் அவையும் கன்னங்கறேலென்று பளபளத்தால், பின்னாளில் யாரோ சாயமேற்றியிருக்கிறார்கள். கூர்மையான விளிம்புகள் மழுங்கி, எழுத்துகள் தேய்ந்து வழுவழுப்பாக இருப்பதும் அதே கதைதான். தேய்ந்த அசலுக்கு இருக்கும் மதிப்பு மினுக்கிய லூகருக்குக் கிடையாது.

கதை சொல்லி விற்பவர்களிடம் கவனம் தேவை. ‘தாத்தா ஜெர்மன் அதிகாரியிடமிருந்து பறித்தது’ என்பார்கள். குழலின் அடியில் பொடி எழுத்தில் அமெரிக்க இறக்குமதி நிறுவனத்தின் பெயர் இருக்கும்! 1968 சட்டத்தின்படி இறக்குமதியாளர் பெயர் பொறித்தாக வேண்டும். சோவியத் படை கைப்பற்றி, பிரித்துக் கலந்து, கறுப்புச் சாயத்தில் முக்கி வைத்திருந்தவை இப்படிக் கப்பலேறி வந்தன. சிப்பாயின் அனுமதிச் சீட்டைக் காட்டினால், பிஸ்டலின் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நாஜி எஸ்.எஸ். படையின் மின்னல் குறியும் மண்டையோடும் பொறித்தவை பெரும்பாலும் போலி. கறுப்புப் பிடி வைத்த மவுசர் லூகரை ‘பிளாக் விடோ’ என்று கூவி விலை ஏற்றுவார்கள். அது அமெரிக்க வியாபாரி வைத்த பெயர், ஜெர்மானியருக்கே தெரியாது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது, மேகசினை உருவிவிட்டதாலேயே அது காலி என்று நினைக்காதீர்கள். டாகிளை இழுத்து அறைக்குள் கண்ணால் பாருங்கள். லூகரின் மேல்பகுதியைத் தனியாகக் கழற்றிய பிறகும், அறையில் தோட்டா இருந்து பக்கக் கம்பி அழுந்தினால் அது வெடிக்கும். சி96-இலும் நீளக்குழல் லூகரிலும் தோள்கட்டை பூட்ட இடமுண்டு. அசல் கட்டை பொருந்திய சில மாதிரிகளுக்குச் சட்ட விலக்கு உண்டு. சந்தையில் கிடைத்த ஏதோ ஒரு கட்டையை மாட்டினால் பதிவில்லாத குட்டைக்குழல் ரைஃபிள் ஆகிவிடும். அதற்கு 10 ஆண்டு வரை சிறை.

ஏமாந்தால் வழி உண்டா? உண்டு, காகிதம் இருந்தால். ‘எண்கள் அனைத்தும் பொருந்துபவை, அசல் பூச்சு’ என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். பெரும்பாலான மாநிலங்களில் அப்படி எழுதித் தந்தது சட்டப்படி உத்தரவாதம். வழக்குத் தொடர வழக்கமான கெடு 4 ஆண்டு. சுடாமல் சோதித்துத் திருப்பித்தர மூன்று நாள் அவகாசம் கேளுங்கள், நல்ல விற்பனையாளர் மறுக்கமாட்டார். இணையத்தில் பணம் போனால் எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்தில் பதியலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தால் நீங்கள் கொடுத்த விலை எதுவானாலும் அது உரியவருக்கே போகும். ஆகவே எண்ணை முதலிலேயே உள்ளூர்க் காவல் நிலையத்தில் சரிபார்க்கக் கேளுங்கள்.

ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவர மட்டும் நினைக்காதீர்கள். அமெரிக்காவின் ஏற்றுமதி அனுமதியும் இந்திய உரிமமும் இல்லாமல் சென்னையில் இறங்கினால், அது நூறு வயதுப் பழம்பொருளாக இருந்தாலும் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குதான்.