ஆர்கானிக் முறுக்கும் முறுக்குதான்!

காலை நடைப்பயிற்சி முடித்துத் திரும்பும் கூட்டத்தைக் குறிவைத்தே பூங்காக்களுக்கு எதிரே முளைத்திருக்கின்றன இயற்கை அங்காடிகள். வாசலில் முளைகட்டிய பயறும் வாழைத்தண்டுச் சாறும். உள்ளே மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி, சாமை, குதிரைவாலி. கல்லாவுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் தினை லட்டு, கம்பு முறுக்கு, ராகி குக்கீஸ். வாங்குகிறவர்களில் பலர் சொல்லும் காரணம், "வெயிட் குறைக்கணும்!"

அதில் வியப்பில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேரும் ஆண்களில் 37 சதவிகிதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். 2015-16 ஆய்வில் இது 30.9, 28.2 சதவிகிதமாக இருந்தது. எடையைக் குறைக்க ஏதாவது வழி கிடைக்காதா என்று வீட்டுக்கு ஒருவராவது தேடும் நிலை. ஆனால், ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் படாமல் விளைந்தது என்பதாலேயே ஓர் உணவு தொப்பையைக் கரைத்துவிடுமா?

முத்திரை என்ன சொல்கிறது?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017-ல் ஆர்கானிக் உணவுகளுக்கென்று தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. சான்று பெற்ற பொருள்களின் உறைக்கென 'ஜைவிக் பாரத்' முத்திரையையும் அறிமுகப்படுத்தியது. அந்த முத்திரை உறுதி சொல்வது, பயிர் எப்படி விளைந்தது, எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்பதற்கு மட்டும். உள்ளே எவ்வளவு கலோரி இருக்கிறது என்பது அதன் கவலை கிடையாது.

கணக்கைப் பாருங்கள். வெள்ளைச் சர்க்கரை 100 கிராமில் சுமார் 400 கலோரி. வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் சுமார் 380. எண்ணெய் செக்கில் ஆடியதானாலும் ஆலையில் பிழிந்ததானாலும் கிராமுக்கு 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் 120 கலோரிக்கு மேல் சேர்ந்துவிடும். 'இது நல்ல எண்ணெய்' என்ற தைரியத்தில் தோசைக்கு இன்னொரு கரண்டி விடும் வீட்டில் எடை எப்படி இறங்கும்?

மூன்றும் ஒன்றல்ல

அங்காடி அலமாரியில் அக்கம்பக்கமாக இருப்பதால் இயற்கை விளைச்சல், பாரம்பரிய ரகம், சிறுதானியம் மூன்றையும் ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம். பாரம்பரிய நெல்லை யூரியா போட்டும் வளர்க்கலாம். இயற்கை முறையில் விளைந்த பொன்னியை வெள்ளை வெளேரென்று தீட்டியும் விற்கலாம். எடைக்கு உதவக்கூடிய குணம் பெரும்பாலும் தானியத்தின் வகையிலும், அதைத் தீட்டிய அளவிலும் இருக்கிறது.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் பச்சரிசியில் சுமார் 356 கலோரி. நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகில் சுமார் 320 கலோரி. நார்ச்சத்து 11 கிராம். கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. வயிறு நிறைந்த உணர்வைத் தருவதும் அடுத்த வேளை வரை பசியைத் தள்ளிப்போடுவதும் நார்ச்சத்துதான். அதே கேழ்வரகை நைஸாக அரைத்து, கஞ்சி காய்ச்சி, இரண்டு கரண்டி கருப்பட்டிப் பாகும் ஊற்றினால் அந்த ஆதாயத்தில் பாதி போய்விடும். பளபளப்பாகத் தீட்டிய சாமையும் குதிரைவாலியும் அப்படித்தான். நார்ச்சத்தில் பெரும்பங்கு தவிட்டோடு போய்விடுகிறது.

பிரான்ஸில் என்ன கண்டார்கள்?

ஆர்கானிக் உணவுக்கும் எடைக்கும் தொடர்பே இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பிரான்ஸின் 'நியூட்ரிநெட்-சான்டே' ஆய்வு இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது. 62,224 பேரைச் சராசரியாக 3 ஆண்டுகள் தொடர்ந்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆர்கானிக் உணவை மிக அதிகமாக உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட அதிக எடை ஏற்படும் வாய்ப்பு 23 சதவிகிதமும், பருமன் ஏற்படும் வாய்ப்பு 31 சதவிகிதமும் குறைவாக இருந்தது.

விளம்பரங்களுக்கு இது போதும். ஆய்வை முழுதாகப் படிப்பவருக்குப் போதாது. ஆர்கானிக் வாங்கும் கூட்டம் பொதுவாகவே கூடுதலாகப் படித்தது, காய்கறியும் பழமும் அதிகம் சாப்பிடுவது. இந்த வேறுபாடுகளைக் கணக்கில் கழித்த பிறகே ஆய்வாளர்கள் அந்த எண்களைச் சொல்கிறார்கள் என்றாலும், இத்தகைய தொடர் கண்காணிப்பால் இதனால்தான் இது நடந்தது என்று நிரூபிக்க முடியாது. இன்னொரு சேதியும் அதில் இருக்கிறது: பருமன் குறைவதற்கும் ஆர்கானிக்குக்கும் உள்ள தொடர்பு, ஏற்கெனவே நல்ல உணவுப் பழக்கம் கொண்டவர்களிடம்தான் வலுவாகத் தெரிந்தது. தட்டில் இருப்பது சரியாக இருந்தால்தான் முத்திரைக்கும் மதிப்பு.

பூச்சிக்கொல்லிக்கும் கொழுப்புக்கும் தொடர்பு உண்டா? சில ரசாயனங்கள் கொழுப்புச் செல்களைப் பெருகவைக்கக்கூடும் என்ற கருத்தை முன்வைத்து, அவற்றுக்கு 'ஒபிசோஜென்' என்று 2006-ல் பெயர் சூட்டினார்கள் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள். எலிகளில் ஆதாரம் கிடைத்திருக்கிறது. காய்கறியில் ஒட்டியிருக்கும் மிச்சம் மனிதர்களின் எடையைக் கூட்டுகிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு அது இன்னும் வளரவில்லை.

பிஸ்கட் போட்ட கணக்கு

2010-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் மாணவர்களிடம் ஓரியோ பிஸ்கட்டின் விவரத்தைக் காட்டினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஓரியோ. இன்னொரு பிரிவுக்கு ஆர்கானிக் மாவிலும் சர்க்கரையிலும் செய்ததாகச் சொல்லப்பட்ட ஓரியோ. இரண்டிலும் ஒரே கலோரிதான் அச்சிடப்பட்டிருந்தது. ஆனாலும், ஆர்கானிக் என்று படித்தவர்கள் அதில் கலோரி குறைவு என்றும், அதை இன்னும் அடிக்கடி சாப்பிடலாம் என்றும் மதிப்பிட்டார்கள். தொடர்ந்து நடந்த சோதனையில், எடை குறைக்க விரும்பும் ஒருத்தி ஆர்கானிக் இனிப்பைச் சாப்பிட்டிருந்தால் அன்றைக்கு ஓட்டப் பயிற்சியைத் தவிர்ப்பதில் தவறில்லை என்று பரிந்து பேசினார்கள்.

கம்பு முறுக்குப் பாக்கெட்டை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, 'கம்புதானே!' என்று சொல்லும் நம் ஊர்க் குரலும் இதேதான்.

எடையை இறக்குவது எது?

2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு ஒரு சோதனை நடத்தியது. அது ஆர்கானிக் பற்றியதே கிடையாது. 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்தபோது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், வேகமாகவும் தின்றார்கள். ஏறக்குறைய 900 கிராம் எடை கூடியது. பதப்படுத்தாத உணவில் அதே அளவு குறைந்தது.

ஆர்கானிக்குக்கு மாறியதும் இளைத்தேன் என்று சொல்பவர்களின் அனுபவத்துக்கும் பெரும்பாலும் இதுவே விளக்கம். அங்காடியில் கீரையும் பயறும் தீட்டாத அரிசியும் வாங்கியவர் வீட்டில் சமைக்கத் தொடங்குகிறார். பரோட்டாவும் குளிர்பானமும் நூடுல்ஸும் தானாகக் குறைகின்றன. மண்ணில் நடந்த மாற்றத்தைவிட அடுப்படியில் நடந்த மாற்றம்தான் எடையை இறக்கியது. அதே அங்காடியில் லட்டும் குக்கீஸும் வாங்கியவருக்கு அது நடக்காது.

இதனால் இயற்கை விவசாயத்தின் மதிப்பு குறைந்துவிடாது. பூச்சிக்கொல்லி மிச்சம் குறைவு என்பதை 2012-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் விரிவான தொகுப்பாய்வும் ஒப்புக்கொண்டது. இயற்கை வேளாண் முன்னோடிகளான நம்மாழ்வாரும் நெல் ஜெயராமனும் ஊர் ஊராகச் சென்று பேசியது மண்ணுக்காகவும் விதைக்காகவும் உழவருக்காகவும். அந்தக் காரணங்களுக்காக, வசதியுள்ளவர்கள் இயற்கை விளைபொருளுக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயமே.

வசதி இல்லாதவர்கள் அதற்காக எடைக் குறைப்பைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. உழவர் சந்தையில் வாங்கிய முருங்கைக்கீரையும் அவரைக்காயும் சுண்டலும் நன்றாகக் கழுவிச் சமைத்தால் அதே வேலையைச் செய்யும். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக் காய்கறியில் ஒரு கரண்டியைக் கூட்டுங்கள். எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கில், வாரத்துக்கு அரை கிலோ குறைவது பாதுகாப்பான வேகம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே உணவை மாற்ற வேண்டும். அடுத்த முறை இயற்கை அங்காடிக்குப் போகும்போது, பாக்கெட்டின் முன்பக்க முத்திரையைப் பார்த்த கையோடு திருப்பிப் பின்பக்கக் கலோரிக் கணக்கையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.